வலி சொல்லி நிறுத்துவதா, கடிகாரம் சொல்லி நிறுத்துவதா?

"நல்லா இருக்கிற அன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சுப்போடலாமுங்க. நாளைக்கு எந்திரிக்க முடியுதோ என்னவோ." தீராத மூட்டுவலியோ அசதியோ உள்ளவர்கள் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான். சேலம் அம்மாபேட்டையில் தறி வீட்டிலும் இதே பேச்சு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையிலும் இதே பேச்சு, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்துக் காபித் தோட்டத்து லைன் வீட்டிலும் இதே பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றாட வேலைகளை முடிந்தமட்டும் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் எங்கள் பாதி நேரம் இந்த ஒரு யோசனையை மெல்லக் கழற்றுவதிலேயே போகிறது.

டாக்டர் "அலட்டிக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எதை அலட்டிக்கொள்ளக் கூடாது, எவ்வளவு நேரம் ரெஸ்ட், அதுவரை யார் சோறு வடிப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வியாகும். முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்), சிக்குன்குனியா விட்டுப்போன மூட்டுவலி, வருடக்கணக்கான முதுகுவலி, விறகடுப்புப் புகையில் கெட்டுப்போன நுரையீரல், கொரோனாவுக்குப் பின் விலகாத அசதி என்று நோய் வேறு வேறாக இருந்தாலும், வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: இருக்கிற தெம்பை எப்படிப் பங்கிடுவது. வலி வந்ததும் நிறுத்தலாம். கடிகாரம் பார்த்து நிறுத்தலாம். வேலை செய்யும் விதத்தை மாற்றலாம். பணம் போட்டுச் சாமான் வாங்கலாம். வேலையையே வேறு கைக்கு மாற்றிவிடலாம். இவை எல்லாவற்றையும் "சக்தி சேமிப்பு" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒருவருக்கு நல்லது செய்யும் வழி இன்னொருவரைப் படுக்கையில் போட்டுவிடும். அதனால்தான் இந்த ஒப்பீடு.

அதற்கு முன்னால் ஒன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, பி12 குறைவு எல்லாமே அசதியாகத்தான் வெளியே தெரியும். ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும் ஒருவருக்கு உட்கார்ந்து காய் நறுக்கச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்துபோனாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மருந்தால் சரியாகக்கூடியது சரியான பிறகு மிச்சமிருக்கும் அசதிக்கும் வலிக்கும்தான் கீழே சொல்லும் வழிகள்.

சரி, முதல் வழிக்கு வருவோம். வலி வரும்வரை செய், வந்தால் படு. யாரும் சொல்லித்தராமல் எல்லோரும் செய்வது இது. நல்ல நாளில் துணி முழுக்கத் துவைத்து, வீடு கழுவி, மாவு அரைத்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் போய்வந்து, அடுத்த இரண்டு நாள் சுருண்டு படுப்பது. மூன்றாம் நாள் கொஞ்சம் தேறியதும், விட்டுப்போன வேலையெல்லாம் கண்ணை உறுத்தும். திரும்பவும் ஒரே மூச்சில் எல்லாம். சில மாதம் இப்படிப் போனால், நல்ல நாளில் செய்ய முடிகிற வேலையின் அளவே சுருங்கிக்கொண்டு வரும். படுத்த நாட்களில் தசை தளர்கிறது, மூச்சு வாங்கும் எல்லை கீழே இறங்குகிறது, "வேலை செய்தால் வலிக்கும்" என்று மூளையும் பழகிவிடுகிறது. பிறகு வேலையைத் தொடங்கும் முன்பே வலி தயாராக நிற்கும்.

இந்தச் சுழலை உடைக்கத்தான் கடிகார வழி வந்தது. 1970களில் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வலி சிகிச்சை பார்த்துவந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் இதை முறையாக வகுத்தார். ஓய்வை வலியோடு கட்டாதே, நேரத்தோடு கட்டு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வலி வந்தால்தான் ஓய்வு என்றால் ஓய்வு வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். வலி வருவதற்கு முன்பே, நேரம் ஆனதும் ஓய்வு எடுத்தால் அந்த முடிச்சு அவிழும்.

செய்வது எப்படி என்றால், ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்வோம். நின்று சமைக்கிறீர்கள், எத்தனை நிமிடத்தில் இடுப்பு பிடிக்கத் தொடங்குகிறது? நல்ல நாளில் 30 நிமிடம், மோசமான நாளில் 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16. பேச்சுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் நல்ல நாளோ கெட்ட நாளோ, பதினைந்து நிமிடம் ஆனதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். இதில் கஷ்டமான நாள் எது தெரியுமா? நல்ல நாள்தான். வலியே இல்லாதபோது எதற்கு உட்கார வேண்டும் என்று மனசு கேட்கும். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான் இந்த முறையைப் பிடித்துக்கொண்டவர். ஒன்றிரண்டு வாரம் இது பழகி, கெட்ட நாளிலும் அந்தப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக முடிகிறது என்று தெரிந்தபின் மெல்ல ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுவோம். கைபேசி அலாரம் பிடிக்காதவர்கள் குக்கர் விசிலை எண்ணிக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல கடிகாரம்தான்.

வீட்டு வேலைக்கு இது எளிது. கூலி வேலைக்கு வரும்போதுதான் சிக்கல். நெசவுக்கு முழக்கணக்கில் கூலி, கொலுசுக்கு எடைக்கணக்கில், காபிப் பழத்துக்கும் பறித்த கிலோக்கணக்கில். "நீங்க உட்காரச் சொல்லீருவீங்க, கூலி யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டால் அது சரியான கேள்வி. இதற்கு ஒரு வாரக் கணக்கு போட்டுப் பார்ப்பதுதான் பதில். ஒரு பேச்சுக்கு, வெண்பட்டு வேட்டி நெய்யும் ஒருவர் நல்ல நாளில் ஐந்து முழம் நெய்கிறார் என்று வையுங்கள். மூன்று நாள் அப்படி நெய்துவிட்டு இரண்டு நாள் முதுகு பிடித்துப் படுத்து, ஆறாம் நாள் இரண்டு முழத்தோடு எழுந்துவிடுகிறார். வாரத்துக்குப் பதினேழு. தினம் மூன்று முழத்தோடு நிறுத்தியிருந்தால் பதினெட்டு. வித்தியாசம் ஒரு முழம்தான், ஆனால் படுத்த இரண்டு நாளில் குடித்த வலி மாத்திரையும் வீட்டில் ஏறிய எரிச்சலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. எல்லோருக்கும் கணக்கு இப்படிச் சாதகமாக வரும் என்று சொல்ல மாட்டேன். கெடு வைத்து வாங்கும் முதலாளியிடமும், தீபாவளிக்கு முந்தின மாதத்திலும் இது எடுபடாது. ஆனால் நாள் கணக்கு போடுகிறவரை வாரக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தறியில் கடிகாரம் வேண்டியதுகூட இல்லை. அரை முழத்துக்கு ஒரு இடத்தில் கரையோரம் ஒரு சிவப்பு நூலைச் செருகிக்கொண்டால், அந்த நூல் வந்ததும் நிறுத்தலாம், பிறகு உருவிவிடலாம். குழித்தறியில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குழியிலிருந்து ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே வருவதே முழங்காலுக்குப் பெரிய வேலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திரு என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னால், ஓய்வே களைப்பாகிவிடும். அதனால் ஒரு முறை உட்கார்ந்தபடியே மிதியிலிருந்து காலை எடுத்து, பின்னால் சாய்ந்து, கையை நீட்டி மடக்குவது. அடுத்த முறைதான் எழுவது. எழுந்தால் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றும் வேலைக்கு மாறிவிடலாம். கனமான வேலைக்கு நடுவே இலேசான வேலை வருவதும் ஓய்வுதான். எல்லா ஓய்வும் படுக்கையில்தான் கிடைக்கும் என்றில்லை.

இவ்வளவு சொன்னபின், கடிகாரம் தப்பாகிப்போகும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு, அல்லது வேறொரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் ஒருவகை அசதி இருக்கிறது. அன்றைக்கு வேலை செய்யும்போது பெரிதாக எதுவும் தெரியாது. ஒருநாள் கழித்து, சில நேரம் இரண்டு நாள் கழித்து, உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி விழும், தலை மந்தமாகும், தூங்கி எழுந்தாலும் தெளியாது. இவர்களுக்கு வாராவாரம் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. நாள்பட்ட அசதி நோய்க்கு முன்பு படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைத்துவந்த இங்கிலாந்தின் நைஸ் (NICE) என்ற சிகிச்சை வழிகாட்டல் அமைப்பு, 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டலில் அதைச் செய்யக் கூடாது என்று மாற்றிக்கொண்டது. அதற்குப் பதிலாக, தாங்கும் எல்லைக்குள்ளேயே தெம்பைச் செலவழிக்கும் முறையைச் சொல்கிறது. எல்லையைக் கூட்டுவதா, அப்படியே வைப்பதா, குறைப்பதா என்பதை உடம்பு காட்டும் அறிகுறி தீர்மானிக்க வேண்டும், காலண்டர் அல்ல.

ஆக, ஒரே மாதிரி "அசதிங்க" என்று சொல்லும் இரண்டு பேருக்கு நேர் எதிரான இரண்டு யோசனை. பிரித்துப் பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலை செஞ்ச அன்னைக்குப் போகட்டும், மறுநாளும் அதுக்கு மறுநாளும் எப்படி இருந்தீங்க?" செய்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு, தாமதமாக வந்து விழுகிற அசதி என்றால் கடிகாரத்தைக் கூட்டும் பேச்சே வேண்டாம். வேலை செய்யும்போதே ஏறி, ஓய்வில் இறங்கிவிடுகிற வலி என்றால் கடிகாரம் நல்ல துணை. இரண்டுக்கும் நடுவில் மூட்டுவாதக்காரர்களுக்கு ஒரு எளிய விதி உண்டு: ஒரு வேலை முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அடுத்த முறை அந்த வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2006இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா அடித்து ஓய்ந்தபின், மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த இரண்டு மணி நேர விதி நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது வழி, வேலை செய்யும் விதத்தை மாற்றுவது. என்னைக் கேட்டால் செலவே இல்லாமல் சீக்கிரம் பலன் தருவது இதுதான், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை.

இட்லி மாவு அரைக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தால் டேபிள் டாப் கிரைண்டர் வராத வீடு குறைவு. பெயர்தான் டேபிள் டாப். பல வீட்டில் அது தரையில்தான் இருக்கிறது. அரைத்து முடித்ததும் குனிந்து, ஈரமான டிரம்மின் விளிம்பை நான்கு நான்கு விரல் நுனியால் கவ்வித் தூக்குவார்கள். முடக்குவாதத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருக்கும். இப்படிக் கவ்வித் தூக்குவது அந்தச் சாய்வை இன்னும் இழுத்துவிடும். செய்ய வேண்டியது என்ன? கிரைண்டரை இடுப்பு உயர மேடைக்கு ஏற்றிவிடுங்கள், அது ஒருநாள் வேலை, அதை மகன் செய்யட்டும். மாவை டிரம்மோடு தூக்காமல், இருந்த இடத்திலேயே கிண்ணத்தால் மொண்டு எடுங்கள். கல்லைக் கழுவ எடுக்கும்போது ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். சாம்பார்ப் பாத்திரத்தையும் அப்படித்தான்: காதைப் பிடித்துத் தூக்காமல் துணி போட்டு இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துவது, முடிந்தால் தூக்காமல் மேடையிலேயே நகர்த்திக்கொண்டு போவது. சின்ன மூட்டுக்கு வேலை கொடுக்காமல் பெரிய மூட்டுக்குக் கொடுப்பது, இவ்வளவுதான் தத்துவம். துணிப்பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுவது, கதவைத் தோளால் தள்ளுவது எல்லாம் இதே கணக்கு. துணி பிழிவதைப் பொறுத்தவரை நல்ல பிழிதல் என்று ஒன்று கிடையாது. சேலத்து வெயிலுக்குச் சொட்டச் சொட்டப் போட்டாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும், பிழியாதீர்கள்.

உயரம் அடுத்தது. மேடை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நறுக்குவதற்குத் தோள் தூக்காது. சப்பாத்தி மாவு பிசைய இன்னும் ஒரு சாண் அளவுக்குக் கீழே இருந்தால், கையால் இல்லாமல் உடம்பின் பாரத்தால் அழுத்தலாம். குட்டையானவர்களுக்கு மேடை உயரமாகத் தெரியும். அவர்கள் நறுக்கும் வேலையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து செய்யலாம். தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து பழகியவர்கள் "உட்கார்ந்துதானே செய்யறேன்" என்பார்கள். உட்காருவது சரிதான், எழுந்திருப்பதில்தான் முழங்கால் போகிறது.

நேரமும் விதத்தில் சேர்ந்ததே. முடக்குவாதத்தில் காலை இறுக்கம் அரை மணிக்கு மேல், பலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டி இருக்கும். பிள்ளைகளுக்கு டிபன் கட்டும் ஏழு மணி அதற்குள் வந்துவிடும். இறுக்கத்தோடு சண்டை போடுவதைவிட, காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பாட்டில் மூடியைத் தளர்த்தி வைப்பது எல்லாம் முந்தின நாள் மாலைக்குப் போகட்டும். காலையில் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, அதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலிசன் ஹாமண்ட் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முடக்குவாதம் உள்ள 127 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான விளக்க வகுப்பும், இன்னொரு குழுவுக்குத் திரும்பத் திரும்பச் செய்துபழகும் வகுப்பும் கொடுத்துப் பார்த்தார். இரண்டு குழுவுக்கும் மொத்தம் எட்டு மணி நேரம்தான். நான்கு வருடம் கழித்து, செய்துபழகிய குழுவினருக்குக் காலை இறுக்கமும் குறைவு, கைக் கோணலும் குறைவு. யூடியூபில் பத்து வீடியோ பார்ப்பதற்கும், உங்கள் கிரைண்டரை உங்கள் அடுப்பங்கரையில் தெரபிஸ்ட் முன்னால் நாலு தடவை எடுத்துவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மலைக்கு மேலே போனால் கணக்கு மாறும். ஏற்காட்டுச் சுற்றுவட்டார ஊர்களில் வீடு ஒரு மட்டத்தில், தண்ணீர் ஒரு மட்டத்தில், பஸ் நிற்கும் ரோடு இன்னொரு மட்டத்தில். நுரையீரல் கெட்டவர்களுக்கு நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது குறுக்குப் பாதையைப் பற்றித்தான். வீட்டிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதை ஐந்து நிமிடம் என்றால், வளைந்து போகும் வண்டிப் பாதை பதினைந்து நிமிடம் ஆகும். எல்லோரும் குறுக்கே ஏறி, மேலே போய்க் கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சிரைப்பார்கள். மொத்த நேரம் ஒன்றுதான்! வண்டிப் பாதையில் நடந்து, வழியில் இரண்டு இடத்தில் நின்று, உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக விட்டுப் போனால் மேலே சேரும்போது பேசத் தெம்பிருக்கும். பளுவைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காமல் வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கையைத் தலைக்கு மேலே வைத்துச் செய்யும் வேலைக்கு மூச்சு அதிகம் வாங்கும். தலை சீவும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வதும், பரண் சாமானைத் தோள் உயரத்துக்கு இறக்குவதும் அதனால்தான்.

சிலர் "ஏற்காட்டுக் குளுமைக்கு வந்துட்டா ஒடம்பு தேறுமா?" என்று கேட்பதுண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்குச் சூட்டில் அசதி கூடும் என்பது உண்மை. அவர்களுக்குச் சித்திரை மாதச் சேலத்தைவிட மலை நிச்சயம் நல்லது. மூட்டுவாதக்காரர்கள் பலர் குளிரிலும் ஈரத்திலும் இறுக்கம் கூடுகிறது என்கிறார்கள், மேடு பள்ளம் வேறு. வீடு மாற்றுவதற்கு முன் குளிர்காலத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்ப்பது மேல்.

நான்காவது, சாமான் வாங்குவது. இதை நான் வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் பிள்ளைகள் முதலில் ஓடுவது கடைக்குத்தான். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அடுப்பங்கரைக்கு உயரமான ஸ்டூல், மேற்கத்தியக் கழிப்பறை, சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த தாங்கி - இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், போட்ட காசு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். கரண்டிப் பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாலே தடித்துவிடும். பெரிய சாமானில்தான் கவனம் வேண்டும். விலை குறைவு என்று செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கித் தருவார்கள். அதில் நனைந்த துணியை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஈரப் போர்வையை இழுத்து எடுப்பதைவிட விரல் மூட்டுக்குக் கெடுதலான வேலையை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகுவலிக்காரருக்கு முன்பக்கம் திறக்கும் மெஷின் குனிய வைக்கும். சாய்க்கும் கிரைண்டர் டிரம் தூக்கும் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் அதற்குத் தரையில் இடம் வேண்டும். சக்கரம் வைத்த வாக்கர் சேலம் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் ரோட்டில் நன்றாக ஓடும், மலைச்சரிவில் ஆளைத் தள்ளிவிடும். எதை வாங்கினாலும், எந்த மூட்டு கெட்டிருக்கிறதோ அந்த மூட்டோடு கடைக்குப் போய் இயக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது வழியான கைமாற்றுவது எளிதாகத் தோன்றும், வீட்டுக்குள் அதுதான் கடினம். மாநகராட்சிக் குடிநீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் தண்ணீர் வரும் நாள்தான் வாரத்தின் கனமான நாள். அதை மட்டும் கணவரோ மகனோ எடுத்துக்கொண்டாலே பாதி வலி குறையும். குடத்தைப் பாதி நிரப்பி இரண்டு நடை நடப்பதைவிட ஒரு ஹோஸ் வாங்கி டிரம்முக்கு விடுவது நல்லது. ஆனால் மாமியார் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்றோ, மருமகள் "நோவு சொல்லித் தப்பிக்கிறாள்" என்றோ பேச்சு வரும் வீடுகளில் எந்த அட்டவணையும் நிற்காது. அங்கே நோயாளியிடம் பேசுவதைவிட வீட்டில் மற்றவர்களிடம் பேசுவதுதான் சிகிச்சை.

எல்லாவற்றையும் கைமாற்றிவிடவும் கூடாது. எதை வைத்துக்கொள்வது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். "அம்மா, எல்லாத்தையும் விட்டுட்டாலும் இதை மட்டும் விட மாட்டேன்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டதற்கு, சேலம் குகைப் பகுதியில் ஒரு பாட்டி யோசிக்காமல் "மார்கழிக் கோலம்" என்றார். துணி மடிப்பது, இஸ்திரி, பாத்திரம் கழுவுவது எல்லாம் பேத்திக்குப் போனது. பாட்டி குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கோலம் போட்டார், புள்ளி மட்டும் குறைந்தது. தெம்பு சேமிப்பது எதற்கு என்பதற்கு அவரவருக்கு ஒரு பதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கஞ்சத்தனமாகிவிடும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவிளக்கு எடுத்துப் போயே தீர வேண்டும் என்பவரிடம் போகாதே என்று சொல்வது என் வேலை அல்ல. முந்தின இரண்டு நாளும் இலேசாக, அடுத்த நாள் முழு ஓய்வு, வரிசையில் நிற்க வேறு ஆள் என்று திட்டம் போட்டுக்கொடுப்பதுதான் வேலை.

இப்போது எதைத் தேர்வது? முடக்குவாதமோ சிக்குன்குனியா மூட்டோ என்றால் நான் விதத்தை மாற்றுவதில் தொடங்கி, இரண்டு மணி நேர விதியைச் சேர்ப்பேன். சாமான் அதற்குப் பிறகு. நாள்பட்ட முதுகுவலி, உடம்பு முழுக்க வலி என்றால் கடிகாரம்தான் முதல். நுரையீரல் என்றால் மூச்சும் பாதையும். தாமதமாக வந்து விழுகிற அசதி என்றால் கைமாற்றுவது முதலில், நேரத்தைக் கூட்டும் பேச்சு கடைசியில்கூட வேண்டாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அசதிக்கு ஆறு வார வகுப்பாகவே இதைச் சொல்லித்தரும் முறை வெளிநாடுகளில் உண்டு, ஆய்விலும் பலன் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் தெரபிஸ்டுகள் எண்ணிக்கை குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் அடுப்பங்கரையையும் குளியலறையையும் காட்டிக் கேளுங்கள். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலை மட்டும் காட்டினால் முழங்காலுக்கு மட்டும்தான் யோசனை கிடைக்கும்.

எந்த வழியானாலும் ஆறு முதல் எட்டு வாரம் நோட்டு எழுத வேண்டும். நேரம், வேலை, அன்றிரவு எப்படி, மறுநாள் எப்படி என்று நாலே கட்டம். பிறகு அதைப் பார்க்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்ற எண்ணைத் தேடாதீர்கள், அது மழைக்கும் மனசுக்கும் ஏறி இறங்கும். வேலை எதுவும் செய்ய முடியாமல் படுத்த நாட்களை மட்டும் எண்ணுங்கள். முதல் இரண்டு வாரத்தைவிடக் கடைசி இரண்டு வாரத்தில் அது குறைந்திருந்தால் வழி சரி. குறையவில்லை என்றால் வழியை மாற்றுங்கள். கூடியிருந்தால் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய அவருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எதுவும் கிடைக்காது.